முதற் கித்தாரும் கோணற் கூடமும்

ஆடத் தெரியாதவள் கூடம் கோணலென்றாள் என்னும் பழமொழியை இளைஞர்மீது ஏவுதற்கு நம்மவர் தயங்குவதேயில்லை. மின்சாரக் கித்தார் பயிலத் தொடங்கிய மாணவனொருவன், விரல் நோகின்றது, சுருதி நிற்கவில்லை என்று முறையிட்டானாயின், பயிற்சி போதாது என்பதே அவன் பெறும் விடை. பயிற்சியின் இன்றியமையாமையை நாம் மறுப்பதற்கில்லை. ஆயினும் இவ்வாத்தியத்தில் கூடம் மெய்யாகவே கோணலாயிருத்தலும் உண்டு. அக்கோணலைத் தன் கையின் குற்றமென்று நம்பி, இசை தனக்கு வாய்க்காதென முடிவு செய்து, வாத்தியத்தை மூலையிற் சாத்திவிடும் பிள்ளைகளை நினைந்தே இச்சில வார்த்தைகளை எழுதத் துணிந்தோம்.

கடையிற் புகுவோன் கண்ணை முதலிற் கவர்வன நிறமும் வடிவமுமே. அவற்றை நாம் இகழவில்லை. பார்க்கப் பிடித்த வாத்தியத்தையே கை அடிக்கடி நாடும். ஆனால் ஆராய வேண்டியது வேறு. ஸ்குவையர், எபிபோன், யமஹா பசிஃபிகா முதலிய எளிய விலைக் கித்தார்களின் உடலையும் தண்டியையும் இக்காலத்திற் கணினி நடத்தும் இயந்திரங்களே கடைந்தெடுக்கின்றன. ஆகலின் அளவுகளிற் பெரும்பிழை நேர்வதரிது. விலையைக் குறைத்தற்பொருட்டுச் சுருக்கப்படுவது பெரும்பாலும் இறுதிக் கைவேலையே. மெட்டுகளின் ஓரம் சரிவர அராவப்படாமல் விரலைக் கீறும். தண்டியின் தலைப்பில் தந்திகளைத் தாங்கும் சிறு துண்டின் வெட்டுகள் ஆழம் போதாமலிருக்கும். அப்பொழுது முதல் மெட்டில் தந்தியை அழுத்துவது கடினமாவதோடு, அழுத்தியபின் சுருதியும் ஏறிவிடும். ‘எஃப்’ என்னும் கூட்டுச் சுரம் பிடிபடாமல் வருந்தும் மாணவன் நொந்துகொள்ள வேண்டியது பல வேளைகளில் தன் விரலையன்று, இத்துண்டையேயாம்.

இவை தீராக் குறைகளல்ல. தேர்ந்த பணியாளரொருவர் அத்துண்டை அராவி, தண்டியினுட் பொதிந்த இரும்புக் கம்பியைத் திருகி வளைவைச் சீராக்கி, குதிரையைத் தாழ்த்தி, 12ஆம் மெட்டின்மேல் தடித்த தந்தி ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் உயரத்தில் நிற்குமாறு செய்து தருவார். கித்தாருக்கென ஒதுக்கிய தொகையில் ஒரு பங்கை இப்பணிக்கு வைத்துக்கொண்டு, எஞ்சியதற்கேற்ற வாத்தியத்தை வாங்குக என்பதே நாம் வற்புறுத்துவது. அன்றியும், ஃபிளாய்டு ரோஸ் என்னும் மிதக்கும் குதிரையுள்ளவற்றைத் தொடக்கத்தில் தவிர்த்தல் நன்று. அதில் ஒரு தந்தி அறுந்தால் மற்றை ஐந்தும் சுருதி கலையும். 1950களின் தொடக்கத்தில் லியோ ஃபெண்டர் விற்பனைக்குக் கொணர்ந்த டெலிகாஸ்டரின் அசையாக் குதிரை, கற்போனுக்கு இன்றும் ஏற்றதே.

முதலில் மின்சாரமில்லாக் கித்தாரில் விரலைக் காய்க்கச் செய்தபின்னரே மின்சாரக் கித்தாரைத் தொடவேண்டுமென்பார் ஒரு சாரார். இக்கொள்கை நமக்கு உடன்பாடன்று. மின்சாரக் கித்தாரின் மெல்லிய தந்தி பெரும்பாலும் 0.009 அங்குலம், மற்றதில் 0.012 அங்குலம் வழக்கம். எளிதாக அழுந்துவதை விடுத்து வலிப்பதைத் தேடிச் செல்வது தவமாகலாம், சங்கீதமாகாது.

நிற்க. ஒலிபெருக்கியைப் பற்றியே மயக்கம் மிகுதி. வாட்டுகளின் எண்ணிக்கையைக் கண்டு மருளுதல் வேண்டா. 10 வாட்டுக்கும் 100 வாட்டுக்கும் செவி உணரும் வேறுபாடு ஏறத்தாழ இரு மடங்கே. எரிக் கிளாப்டன் 1970இல் ‘லைலா’ இசைத்தட்டைப் பதிவு செய்தபோது கையாண்டது ஃபெண்டர் சாம்ப் என்னும் மிகச் சிறிய கருவி. விடுதி அறையிற் பயில்வோனுக்கு அதனினும் வலியது எதற்கு? காதணி ஒலிவாங்கியைச் செருகும் துளை இருக்கிறதாவென்று பார்த்தலே அறிவுடைமை. இரவு பத்து மணிக்குப் பின்னும் அடுத்த அறை நண்பன் நண்பனாகவே இருப்பான். பல பெரிய ஒலிபெருக்கிகளின் குரலை இலக்க முறையிற் போலச்செய்யும் சிறு கருவிகள் இப்பொழுது மலிந்துள்ளன. அவற்றை வாங்கத் தடையில்லை. ஆனால் முதற் சில திங்கள் கலப்பற்ற தெளிந்த ஒலியிலேயே பயில வேண்டும். கரகரப்பைக் கூட்டினால் மெலிந்த மீட்டும் உரத்த மீட்டும் ஒன்றுபோலாகித் தன் பிழை தன் செவிக்கே எட்டாமற்போம். கித்தாரையும் ஒலிபெருக்கியையும் ஒரே பெட்டியில் இட்டு விற்கும் தொகுதிகளில் பெரும்பாலும் இளைத்திருப்பது இவ்வொலிபெருக்கியே. ஆதலால் இரண்டையும் தனித்தனியே தேர்ந்து வாங்குவதையே நாம் விரும்புகிறோம்.

அமெரிக்காவிலுள்ள மாமனோ சித்தப்பாவோ அன்பினால் ஒன்றை அனுப்பி வைப்பதும் உண்டு. அந்நாட்டு மின்னழுத்தம் 120 வோல்ட்டு. நமது நாட்டில் 230. பின்புறத் தகட்டில் என்ன எழுதியிருக்கிறதென்று படித்த பின்னரே அதைச் சுவரிற் செருகுக.