செம்பருத்திக்குச் சிவப்பு ஏற்றாதீர்கள்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியதும் பலர் செய்யும் முதல் வேலை, போனிலோ டிஜிட்டல் கேமராவிலோ உள்ள படங்களைப் பெரிய திரையில் போட்டுப் பார்ப்பதுதான். தோட்டத்துப் பூக்களைப் பார்க்கும்போதுதான் ஏமாற்றம் வரும். போனில் பளிச்சென்று இருந்த செம்பருத்தி, மானிட்டரில் குங்குமம் கொட்டியது போல ஒரே திட்டாகத் தெரியும். இதழில் நரம்பும் இருக்காது, மடிப்பும் இருக்காது. உடனே எடிட்டிங் சாஃப்ட்வேரைத் திறந்து 'சாச்சுரேஷன்' பட்டையை வலது பக்கம் இழுக்கிறோம். இதைச் செய்யவே கூடாது என்பது என் கருத்து.

காரணம் எளிதானது. சாதாரண ஜேபெக் படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள் உண்டு. ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை போகலாம். கேமரா செடியைப் பார்க்கும்போது அதன் கண்ணில் அதிகம் படுவது கரும்பச்சை இலைகள். 'இருட்டாக இருக்கிறதே' என்று அது வெளிச்சத்தைக் கூட்டுகிறது. இலை நன்றாக வந்துவிடும். ஆனால் பூவின் சிவப்பு 255-ல் போய் முட்டி நின்றுவிடும். இதழின் மேடும் பள்ளமும் எல்லாமே 255 என்றால் நரம்பு எப்படித் தெரியும்? பிறகு பிரைட்னஸைக் குறைத்தாலும் பயனில்லை. எல்லாம் 255 என்று இருந்தது எல்லாம் 200 என்று ஆகும், அவ்வளவுதான். சாச்சுரேஷனைக் கூட்டினாலோ, முட்டாமல் தப்பித்த ஓரங்களும் முட்டிவிடும்.

நான் இதைத் தாமதமாகத்தான் தெரிந்துகொண்டேன். எங்கள் வீட்டு அடுக்குச் செம்பருத்தி மாவுப்பூச்சி விழுந்து பட்டுப்போனது. அதற்கு முன் இருபது படமாவது எடுத்திருப்பேன், எல்லாம் நல்ல வெயிலில். இன்று திறந்து பார்த்தால் இலையில் இருந்த தூசி வரை தெரிகிறது. பூ மட்டும் சிவப்பு மை சிந்தியது போல இருக்கிறது. எந்த சாஃப்ட்வேராலும் அந்த அடுக்குகளைத் திருப்பித் தர முடியவில்லை. செடி இருந்தால் மறுபடி எடுக்கலாம்.

'நல்ல கேமராவாக வாங்கியிருக்கலாமே' என்பார்கள். மெகாபிக்ஸல் கூடினால் இந்தக் குறை தீராது. பெரும்பாலான கேமரா சென்சார்களில் நான்கு கட்டத்துக்கு இரண்டு பச்சை, ஒன்று சிவப்பு, ஒன்று நீலம் என்றுதான் வடிகட்டி இருக்கும். கோடக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் 1976-ல் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. மானிட்டருக்கும் ஓர் எல்லை உண்டு. 1996-ல் ஹெச்.பி.யும் மைக்ரோசாஃப்டும் முன்வைத்த எஸ்.ஆர்.ஜி.பி. நிற அளவுக்குள் சில பூக்களின் நிறம் அடங்குவதே இல்லை. (காகிதப்பூவில் நாம் 'பூ' என்று எடுப்பது நிறம் மாறிய இலைதான். நடுவில் இருக்கும் சின்ன வெள்ளைப் பூவை யாரும் கவனிப்பதில்லை!)

பணம் செலவழிக்காமல் செய்யக்கூடியது, எடுக்கும்போதே வெளிச்சத்தைக் குறைப்பது. போனில் பூவின் மேல் தொட்டால் பெரும்பாலும் சூரியன் போன்ற குறி வரும். அதைக் கீழே இழுங்கள். கேமராவாக இருந்தால் 'ஈ.வி.' அளவை மைனஸ் 0.7 அல்லது மைனஸ் 1 வையுங்கள். இலை கொஞ்சம் இருண்டால் இருளட்டும். கேமராவில் 'விவிட்' என்று இருந்தால் அதை எடுத்துவிடுங்கள்.

எங்கள் சங்கரன்கோவில் பக்கம் மலைக்குக் கிழக்கே மழை மறைவில் இருப்பது. வெயிலுக்குக் குறைவில்லை. செம்பருத்தி விரிந்தவுடன், வெயில் ஏறும் முன்பே எடுத்துவிட வேண்டும். தாமதமானால் குடை பிடித்துப் பூவுக்கு நிழல் கொடுங்கள். பார்ப்பவர்கள் சிரிப்பார்கள், பரவாயில்லை. ஆடியில் மேகம் வந்து வெளிச்சம் அருமையாக இருக்கும், ஆனால் காற்று செடியை நிற்க விடாது. ஒரு கையால் காம்பைப் பிடித்துக்கொள்ள வேண்டியதுதான்.

எங்கள் ஊர்ப் பூ மார்க்கெட்டுக்கு வரும் மல்லிகை, பிச்சிக்கும் இதே முறைதான். அங்கே மூன்று எண்களும் சேர்ந்து முட்டும்.

படம் சரியா என்று பார்க்க இர்ஃபான்வியூ என்ற சாஃப்ட்வேர் போதும். வீட்டு உபயோகத்துக்கு இலவசம். 'இமேஜ்' மெனுவில் 'ஹிஸ்டோகிராம்' கிளிக் செய்து சிவப்புக் கோட்டைப் பாருங்கள். வலது ஓரத்தில் சுவரில் ஏறுவது போல நின்றால் சிவப்பு முட்டிவிட்டது என்று அர்த்தம். மொத்த வெளிச்சத்தை மட்டும் காட்டும் படத்தை நம்ப வேண்டாம். அதில் பச்சைக்கே பெரும்பங்கு என்பதால், சிவப்பு முட்டியிருந்தாலும் எல்லாம் சரி என்றே தோன்றும்.

வெளிறிய செவ்வந்திக்குக் கொஞ்சம் நிறம் ஏற்றுவதை நான் குறை சொல்லமாட்டேன். அப்போதும் 'சேவ்' கொடுக்காமல் 'சேவ் ஆஸ்' கொடுத்து வேறு பெயரில் வையுங்கள். கேமராவிலிருந்து வந்த ஃபைல் அப்படியே இருக்கட்டும்.