செத்த திமிங்கலம் யாருக்கு சொந்தம்? பல்லைப் பிடுங்கினாலும் கேஸ்!

விடிகாலையில் கடற்கரைக்குப் போகிறீர்கள். மணலில் ஒரு டால்பின் செத்துக் கிடக்கிறது. நம்ம பக்கத்து மீனவர்கள் 'ஓங்கில்' என்பார்களே, அதுதான். வயிறு உப்பிப் போய், காக்காய் கொத்திக் கொண்டிருக்கிறது. ஊரே திரண்டு செல்போனில் படம் எடுக்கிறது. ஸ்கூலுக்குப் போற பையன் ஒருத்தன் ஞாபகத்துக்கு இருக்கட்டும் என்று ஒரு பல்லைப் பிடுங்கி பைக்குள் போட்டுக் கொள்கிறான்.

அவ்வளவுதான். அந்தப் பையன் பையில் இருப்பது இப்போது அரசாங்க சொத்து!

சிரிக்காதீங்க. 1972-ம் வருஷத்து வனவிலங்கு பாதுகாப்பு சட்டத்தின் 39-வது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. பாதுகாக்கப்பட்ட விலங்கு செத்துக் கிடந்தாலும், தவறுதலாக அடிபட்டு செத்தாலும் அது மாநில அரசுக்கு சொந்தம். கைக்கு வந்தால் 48 மணி நேரத்துக்குள் போலீஸ் ஸ்டேஷனிலோ வனத்துறையிலோ சொல்லிவிட வேண்டும். எழுத்து மூலம் அனுமதி இல்லாமல் வைத்துக் கொள்ளவோ, கை மாற்றவோ, சிதைக்கவோ கூடாது. முதல் பட்டியலில் இருக்கிற கடற்பசு மாதிரி விலங்கு என்றால் குறைந்தது 3 வருஷம், அதிகபட்சம் 7 வருஷம் ஜெயில். 2022-ல் சட்டத்தைத் திருத்தியபோது அபராதத்தையும் குறைந்தது 25 ஆயிரம் ரூபாய் என்று உயர்த்தி விட்டார்கள்.

சரி, பையனை விடுங்கள். படித்துப் பட்டம் வாங்கிய விஞ்ஞானி வந்தால்? அவருக்கும் இதே கதைதான்!

செத்த உடம்பில் இருந்து பல், தோல், ஈரல் துண்டு எடுக்க வேண்டும் என்றால் மாநில தலைமை வன உயிரின காப்பாளரோ, அதிகாரம் பெற்ற அதிகாரியோ எழுத்தில் அனுமதி தர வேண்டும். உயிரோடு நீந்துகிற டால்பினிடம் கொஞ்சூண்டு தோல் எடுக்க வேண்டும் என்றால் இன்னும் பெரிய படியேற்றம். 12-வது பிரிவில் தனி பர்மிட் வாங்க வேண்டும். முதல் பட்டியல் விலங்கு என்றால் மத்திய அரசின் முன் அனுமதியும் வேண்டும். இதில் ஒரு வேடிக்கை. உயிருள்ள விலங்கின் உடம்பில் எந்தப் பகுதியை எடுத்தாலும் அதற்கு சட்டம் வைத்திருக்கிற பெயர் 'வேட்டை'. ஆராய்ச்சி பண்ண வந்த டாக்டரும் காகிதத்தில் வேட்டைக்காரர்தான்!

எடுத்தாச்சு, ஐஸ் பெட்டியில் போட்டாச்சு. மண்டபத்தில் இருந்து சென்னைக்கு பஸ் பார்சலில் போட்டு விடலாமா? முடியாது. 48-ஏ பிரிவு இருக்கிறது. சரக்கை ஏற்றுகிறவர் அனுமதி இருக்கிறதா என்று விசாரித்துத்தான் ஏற்ற வேண்டும். விஷயம் தெரியாமல் பெட்டியை வாங்கி வைக்கிற லாரி டிரைவருக்கும், பார்சல் ஆபீஸ் ஊழியருக்கும் வம்பு. வெளிநாட்டு லேப்புக்கு அனுப்ப வேண்டும் என்றால் சைட்டிஸ் என்கிற சர்வதேச ஒப்பந்தப்படி இன்னொரு சீட்டு.

இவ்வளவு கெடுபிடி எதுக்கு? செத்ததைத்தானே அறுக்கப் போகிறார்கள் என்று கேட்கலாம். கேள்வி நியாயம்தான். ஆனால் ஜப்பான் கதையைக் கேட்டால் கெடுபிடிக்கும் காரணம் புரியும்.

1986-ல் உலகம் முழுக்க வியாபாரத்துக்காக திமிங்கலம் பிடிக்க தடை வந்தது. ஆனால் 1946-ல் போட்ட ஒப்பந்தத்தில் ஒரு ஓட்டை. ஆராய்ச்சிக்கு என்றால் அந்தந்த நாடே பர்மிட் கொடுத்துக் கொள்ளலாம். ஜப்பான் விடுமா? 1987-ல் இருந்து 'ஆராய்ச்சி' என்று போர்டு மாட்டிய கப்பல்களை தென் துருவக் கடலுக்கு அனுப்பியது. நூற்றுக்கணக்கில் திமிங்கலம் பிடித்தது. கறி ஜப்பான் மார்க்கெட்டில் விற்பனைக்கு வந்தது. கடைசியில் ஆஸ்திரேலியா கேஸ் போட, 2014 மார்ச்சில் சர்வதேச நீதிமன்றம், 'இது ஆராய்ச்சிக்கான பர்மிட் என்று ஏற்க முடியாது' என்று தீர்ப்பு சொன்னது. 2019-ல் ஜப்பான் அந்த சர்வதேச அமைப்பை விட்டே வெளியேறி, வெளிப்படையாக வியாபாரத்துக்கே பிடிக்க ஆரம்பித்து விட்டது.

நம்ம ஊரிலும் ஆசை இல்லாமல் இல்லை. திமிங்கலத்தின் குடலில் உருவாகும் அம்பர்கிரீஸ் கோடிக்கணக்கில் விலை பேசப்படுகிறது. தமிழ்நாட்டுக் கடற்கரை மாவட்டங்களில் அதைக் கடத்திப் பிடிபடுகிற செய்தியை அடிக்கடி படிக்கிறோம். 2022-ல் கேரளா விழிஞ்ஞம் மீனவர்கள் கடலில் மிதந்த 28 கிலோ அம்பர்கிரீசை எடுத்து வந்து அப்படியே ஒப்படைத்தார்கள். எல்லோரும் அவர்கள் மாதிரி இருப்பார்களா? பாக் ஜலசந்தியில் 'ஆவுளியா' என்று சொல்கிற கடற்பசுவை கறிக்காக வெட்டிய காலமும் உண்டு. 'சாம்பிள்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று விட்டால், கறிக்கடைக்காரரும் ஒரு வெள்ளை கோட்டு மாட்டிக் கொண்டு வந்து விடுவார்.

ஆகவே பர்மிட் வேண்டும். அதில் சந்தேகமே இல்லை. பிரச்சினை வேறு இடத்தில் இருக்கிறது. வெயில்!

திமிங்கலம், டால்பினுக்கு தோலுக்கு அடியில் கனமான கொழுப்பு. உயிரோடு இருக்கும்போது குளிர் தாங்க உதவுகிற அதே கொழுப்பு, செத்த பிறகு சூட்டை உள்ளேயே பிடித்து வைக்கிறது. வெளியே பார்த்தால் முழுசாக இருக்கும். உள்ளே குடலும் ஈரலும் வெந்து கூழாகி இருக்கும். காலையில் ஒதுங்கியது சாயங்காலம் நாறும். ஊர் ஜனங்கள் சும்மா இருப்பார்களா? சீக்கிரம் புதைங்க சார் என்பார்கள். வனத்துறைக்காரர் வருவார், கால்நடை டாக்டர் வருவார், குழி தோண்டி மூடிவிட்டுப் போவார்கள். அனுமதி கேட்டால் இத்தனை மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்ற கெடு இந்தப் பிரிவுகளில் கிடையாது. பிணத்துக்கு மட்டும்தான் கெடு.

புதைக்கிற குழிக்குள் என்னவெல்லாம் போகிறது தெரியுமா? டால்பின் பல்லைக் குறுக்கே அறுத்தால் மரத்தில் இருக்கிற மாதிரி வளையம் தெரியும், வயசு சொல்லி விடலாம். ஈரலைப் பார்த்தால் கடலில் பாதரசம் எவ்வளவு கலந்திருக்கிறது என்று தெரியும். அதே மீனைத்தானே நாமும் குழம்பு வைக்கிறோம்! வயிற்றைத் திறந்தால் என்ன தின்றது, எத்தனை பிளாஸ்டிக் விழுங்கியது என்பது தெரியும். நுரையீரலைப் பார்த்தால் வியாதியா, மூச்சு முட்டிச் செத்ததா என்று கண்டுபிடிக்க வழி உண்டு.

இந்தக் கடைசி விஷயம்தான் மீனவருக்கு முக்கியம். டால்பின் செத்து ஒதுங்கினால் முதல் பழி வலை மேல்தான். வலையில் சிக்கிச் சாவது உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் நோயில் செத்ததும், கப்பல் மோதிச் செத்ததும் பரிசோதனை இல்லாமல் மண்ணுக்குள் போனால், அந்தக் கணக்கும் மீனவர் தலையில்தான் விழும்.

பழி சும்மா பேச்சோடு போகாது, பணத்திலும் வந்து நிற்கிறது. கடல் பாலூட்டிகளை வலையில் சாகவிடும் நாட்டு மீனை வாங்க மாட்டோம் என்று அமெரிக்கா 2016-லேயே விதி போட்டது. பலமுறை தள்ளிப் போட்டு, 2026 ஜனவரி 1 முதல் அமல் என்று அறிவித்தது. கடலில் பிடிக்கிற நண்டு, கணவாய் எல்லாம் இதில் வருகிறது. எத்தனை டால்பின் இருக்கிறது, எத்தனை வலையில் சாகிறது என்று கணக்கு காட்டச் சொல்கிறார்கள். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் கப்பலில் போய் எண்ணிக் கொண்டு வந்திருக்கிறது. ஆனால் எதனால் சாகிறது என்பதற்கு ஆதாரம் கப்பலில் இல்லை, கரையில்தான் கிடக்கிறது.

2016 ஜனவரியில் தூத்துக்குடி மாவட்டம் மணப்பாடு, கல்லாமொழி பக்கம் நடந்தது பலருக்கும் ஞாபகம் இருக்கும். சுமார் 80 திமிங்கலங்கள் கூட்டமாக ஒதுங்கின. உள்ளூர் மீனவர்கள் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, கயிறு கட்டி இழுத்து, படகில் கொண்டு போய் ஆழக்கடலில் விட்டார்கள். சில திரும்பவும் கரைக்கே வந்தன. 45 வரை செத்துப் போயின. டாக்டர்கள் சாம்பிள் எடுத்தார்கள், ஜேசிபி வைத்து குழி தோண்டிப் புதைத்தார்கள். 1973 ஜனவரியிலும் இதே கடற்கரைப் பக்கம் 147 திமிங்கலங்கள் ஒதுங்கியது ரெக்கார்டில் இருக்கிறது. அதே மாசம், அதே கரை! ஏன் என்று கேட்டால் இன்றைக்கும் ஆளுக்கு ஒரு யூகம்தான்.

அமெரிக்காவிலும் சட்டம் கறார்தான். அங்கேயும் இதே 1972-ல்தான் கடல் பாலூட்டி சட்டம் வந்தது. ஆனால் கரை ஒதுங்கினால் யார் போக வேண்டும் என்று முன்கூட்டியே அரசாங்கம் கையெழுத்துப் போட்டு ஆட்களை வைத்திருக்கிறது. போன் வந்ததும் கத்தி, டப்பாவோடு கிளம்பி விடுவார்கள். கரையில் கிடக்கிற எலும்பு, பல்லை பொதுமக்கள்கூட எடுத்துக் கொள்ளலாம். அழியும் பட்டியலில் உள்ள இனமாக இருக்கக் கூடாது, சதையைத் தொடக் கூடாது, 30 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும், விற்கவே கூடாது. எலும்பு விஷயத்தில் அந்த அளவுக்கு நாம் போக வேண்டாம். அம்பர்கிரீஸ் ஆட்கள் காத்துக் கொண்டிருக்கிறார்கள்.

ஆனால் முன்கூட்டியே கையெழுத்து? அதற்குப் புது சட்டம்கூட தேவையில்லை. 39-வது பிரிவிலேயே 'அதிகாரம் பெற்ற அதிகாரி' என்ற வார்த்தை இருக்கிறதே! கரை ஒதுங்கும் கடல் விலங்குகளை எப்படிக் கையாள வேண்டும் என்று மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2021-ல் வழிகாட்டி நெறிமுறையும் போட்டு விட்டது. கடற்கரை மாவட்டம் ஒவ்வொன்றிலும் ஒரு கால்நடை டாக்டர், ஒரு மீன்வளக் கல்லூரி என்று பெயர் குறித்து, வருஷத்துக்கு ஒரு தடவை அனுமதியும் போக்குவரத்து சீட்டும் கொடுத்து வைத்தால், டப்பா அன்றைக்கே லேப்புக்குப் போய்ச் சேரும். எடுத்த ஒவ்வொரு துண்டுக்கும் நம்பர் போட்டு வனத்துறையிடம் கணக்குக் கொடுக்கட்டும். கணக்கு தப்பினால் அனுமதியைப் பிடுங்கட்டும்.

2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டை கடலில் 448 சதுர கிலோமீட்டரை கடற்பசு காப்பகமாக அரசு அறிவித்தது. வலையில் சிக்கிய கடற்பசுவை வலையை அறுத்து உயிரோடு விட்ட மீனவர்களுக்கு வனத்துறை ரொக்கப் பரிசும் சான்றிதழும் கொடுத்து வருகிறது. செத்து ஒதுங்கியதைப் பார்த்து முதலில் போன் போடுகிறவருக்கும் ஒரு மரியாதை கிடைத்தால், கேஸ் வந்துவிடுமோ என்ற பயத்தில் கண்டும் காணாமல் போகிறவர்கள் குறைவார்கள்.

அதுவரை, கரையில் கிடந்தால் கையால் தொட வேண்டாம். உடம்பில் இருக்கிற கிருமி நமக்கும் ஒட்டலாம். வனத்துறைக்கோ, கடலோர காவல் படைக்கோ சொல்லுங்கள். தலையில் இருந்து வால் வரை முழு உடம்பும் தெரிகிற மாதிரி ஒன்று, வலைத் தழும்பு, வெட்டுக்காயம் இருந்தால் அதைக் கிட்டத்தில் ஒன்று என்று படம் எடுத்து வையுங்கள். கரையில் நின்று படம் எடுக்க யாரிடமும் பர்மிட் வாங்க வேண்டியதில்லை.