அருவி போன வரவேற்பறை

பசிபிக் பெருங்கடல் தீவுகள் எங்கே, அமெரிக்காவின் ஃபுளோரிடா எங்கே! ஆனாலும் 1971 அக்டோபர் 1 அன்று அங்கே வால்ட் டிஸ்னி வேர்ல்டு திறக்கப்பட்டபோது, பாலினேசியத் தீவுக் கிராமம் போன்ற ஒரு ஹோட்டலும் கூடவே பிறந்தது. உள்ளே நுழைந்தால் பாறைகளில் கொட்டும் அருவி, சுற்றிலும் பச்சைப் பசேலென்று செடிகள். பெட்டியைக் கீழே வைக்கும் முன்பே தண்ணீர்ச் சத்தம் காதில் விழும். லீவு தொடங்கிவிட்டது என்று அர்த்தம்!

பீட்டில்ஸ் குழுவைக் கலைக்கும் பத்திரத்தில் ஜான் லெனன் கையெழுத்திட்டதும் இங்கேதான், 1974-ல்.

2014-ல் ஹோட்டலைப் புதுப்பித்தபோது அந்த அருவியை எடுத்துவிட்டார்கள். இப்போது அதன் இடத்தில் சின்னதாக ஒரு நீரூற்று. கூடம் விசாலமாக, வெளிச்சமாக இருக்கிறது. புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு குறையும் தெரியாது. சிறு வயதில் அப்பா அம்மாவோடு வந்து, பின்னாளில் தம் பிள்ளைகளைக் கூட்டிவந்த ரசிகர்களுக்கோ, பிறந்த வீட்டுக் கிணற்றை மூடியது போல ஆகிவிட்டது.

'அது மோட்டார் வைத்து ஏற்றிய தண்ணீர்தானே?' என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால், அதன் முன்னால் நின்று எடுத்த போட்டோவில் சிரிக்கும் தாத்தா நிஜமானவர் ஆயிற்றே!

1985-ல் ஹோட்டலின் பெயரிலிருந்து நீக்கிய 'வில்லேஜ்' என்ற சொல்லை, அதே 2014-ல் மறுபடி சேர்த்தார்கள். பழைய பெயர் திரும்பிவிட்டது. பழைய சத்தம்தான் திரும்பவில்லை.