பராமரிப்பு உதவியாளர்களும் மருத்துவப் பணிகளும்: எங்கள் நிலைப்பாடு

முதியோர் இல்லங்களில் வேலை செய்யும் பராமரிப்பு உதவியாளர்களுக்குக் குறிப்பிட்ட சில மருத்துவப் பணிகளில் முறையான பயிற்சி தரப்பட வேண்டும் என்பது எங்கள் அமைப்பின் நிலைப்பாடு. பதிவு பெற்ற செவிலியர் ஒருவர் பொறுப்பேற்கும் இடத்தில் மட்டுமே அந்தப் பணிகளை ஒப்படைக்கலாம். செவிலியர் சம்பளத்தை மிச்சப்படுத்தும் வழியாக இந்தப் பயிற்சியைப் பயன்படுத்துவதை எதிர்க்கிறோம்.

இன்றைய நிலை

சுகர் பார்ப்பது, இன்சுலின் போடுவது, மூக்குக் குழாய் வழியாக உணவு கொடுப்பது, படுக்கைப் புண்ணுக்குக் கட்டு மாற்றுவது என எல்லாவற்றையும் பல இல்லங்களில், குறிப்பாக இரவில், உதவியாளர்கள்தான் செய்கிறார்கள். பகலில் வரும் சிஸ்டர் செய்வதைப் பார்த்துப் பழகியதே அவர்களுக்குக் கிடைத்த பயிற்சி. பிசகு நேர்ந்தால் பழி மட்டும் அவர்கள் தலையில் விழுகிறது.

2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டத்தின் 19ஆம் பிரிவு, ஆதரவற்ற முதியோருக்கு மாவட்டந்தோறும் இல்லம் அமைப்பதைப் பற்றிப் பேசுகிறது. அங்கே தர வேண்டிய மருத்துவச் சேவைகளின் தரத்தை மாநில அரசு வகுக்கலாம் என்றும் சொல்கிறது. அந்தச் சேவையில் எதை யார் செய்யலாம் என்பது அந்தப் பிரிவில் இல்லை.

எல்லை வகுத்துப் பணியை ஒப்படைப்பது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், செவிலியர் அல்லாத மகளிர் தன்னார்வலர்கள் வீட்டுக்கே சென்று ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். மாத்திரைகளைக் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். மருந்தை முடிவு செய்வது மருத்துவர். அந்தத் தெளிவு முதியோர் இல்லங்களுக்கும் வேண்டும்.

பயிற்சி எதற்கு

இந்தியாவில் ஒரு மில்லிக்கு 40 யூனிட் கொண்ட இன்சுலினும் கிடைக்கிறது, 100 யூனிட் கொண்டதும் கிடைக்கிறது. சிரிஞ்சும் வெவ்வேறு: 40க்குச் சிவப்பு மூடி, 100க்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் மருந்தை 40 யூனிட் சிரிஞ்சில் 20ஆம் கோடு வரை இழுத்தால், உடம்புக்குள் போவது 50 யூனிட். ஊசி குத்தும் கைப்பழக்கம் சீக்கிரம் வந்துவிடும். குப்பியின் லேபிளையும் சிரிஞ்சையும் ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கத்துக்குத்தான் பயிற்சி தேவை. காலையில் சாப்பிட மறுத்த அம்மாவுக்கு வழக்கமான அளவைப் போடலாமா என்று நிறுத்திக் கேட்கவும் தெரிய வேண்டும். குழாய் வழி மருந்தும் அப்படித்தான். மெதுவாகக் கரையும்படி தயாரித்த மாத்திரையைப் பொடித்துக் கொடுத்தால், நாள் முழுவதற்குமான மருந்து ஒரேயடியாக இறங்கிவிடும்.

எவை, யாருக்கு

1. எல்லா உதவியாளர்களும் கற்க வேண்டியவை: வெப்பநிலை, நாடி, ரத்த அழுத்தம், சர்க்கரை பார்த்துக் குறிப்பது, படுக்கையில் இருப்பவரைத் திருப்பிப் படுக்க வைப்பது, சிறுநீர்க் குழாயில் இணைத்த பையைத் தரையில் படாமல், மூத்திரப்பையின் மட்டத்துக்குக் கீழே வைப்பது, திடீர்க் குழப்பம், அதிக மயக்கம் போன்ற மாற்றங்களைக் கவனித்து உடனே சொல்வது.

2. செவிலியர் நேரில் பார்த்துத் தேர்ச்சி உறுதி செய்த பிறகு ஒப்படைக்கக்கூடியவை: நிலையான அளவில் இன்சுலின் போடுவது, ஏற்கெனவே பொருத்திய குழாயில் உணவு கொடுப்பது, ஆழமில்லாத புண்ணுக்குக் கட்டு மாற்றுவது. இந்த அனுமதி ஒரு முதியவருக்கு, ஒரு பணிக்கு மட்டுமே. பக்கத்துக் கட்டிலில் இருப்பவருக்கு அது தானாகப் பொருந்தாது.

3. ஒருபோதும் ஒப்படைக்கக் கூடாதவை: ரத்தநாளத்தில் ஊசி போடுவது, மூக்குக் குழாயோ சிறுநீர்க் குழாயோ பொருத்துவது, மருந்தின் அளவை மாற்றுவது, மார்ஃபின் போன்ற கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகளை ஊசியாகத் தருவது.

எங்கள் நிபந்தனைகள்

ஜி.என்.எம். செவிலியர் படிப்பு 3 ஆண்டு, பி.எஸ்சி. நர்சிங் 4 ஆண்டு. சில மாதப் பயிற்சி அந்தப் படிப்புக்கு ஈடாகாது. ஆகவே, ‘எனக்கு இது சரியாகத் தெரியாது, செய்ய மாட்டேன்’ என்று சொல்லும் உரிமை உதவியாளருக்கு எழுத்தில் தரப்பட வேண்டும். அப்படிச் சொன்னதற்காக வேலையோ சம்பளமோ போகக் கூடாது. நள்ளிரவிலும் போனை எடுக்கும் செவிலியர் ஒருவர் இருக்க வேண்டும். கூடுதல் பொறுப்புக்குக் கூடுதல் ஊதியம் வேண்டும். பாடங்கள் தமிழிலும், வெளிமாநிலங்களிலிருந்து வந்து வேலை செய்வோருக்கு அவரவர் மொழியிலும் இருக்க வேண்டும். தேர்ச்சியை ஆண்டுக்கு ஒருமுறையாவது மீண்டும் சோதிக்க வேண்டும்.

நன்கொடையில் நடக்கும் சிறிய இல்லங்களுக்கு இது கட்டுப்படியாகாது என்ற வாதத்தை அறிவோம். செவிலியர் இரவும் பகலும் அங்கேயே தங்க வேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை. அருகருகே உள்ள இல்லங்கள் சேர்ந்து ஒரு செவிலியரை நியமித்து, முறை வைத்து வரச் செய்து, மற்ற நேரத்தில் போனில் கேட்கலாம். அதற்கும் வழியில்லாத இல்லம், தானே ஊசி போட்டுக்கொள்ள முடியாத நோயாளியையும் குழாய் வழி உணவு தேவைப்படுபவரையும் சேர்க்கக் கூடாது.

கோரிக்கை

மேற்கண்ட மூன்று பட்டியல்களையும் ஒத்த விதிகளை மாநில அரசு வகுத்து, இல்லங்களின் பதிவுக்கு அவற்றைக் கட்டாயமாக்க வேண்டும். குடும்பத்தினர் சேர்க்கையின்போதே, எந்தப் பணியை யார் செய்கிறார், அவருக்குத் தேர்ச்சிச் சான்று கொடுத்த செவிலியர் யார் என்று கேட்க வேண்டும். விதி வரும்வரை காத்திராமல், இந்த விவரங்களைப் பதிவேடாக வைத்துக் கேட்பவருக்குக் காட்டுவதை எங்கள் உறுப்பினர் இல்லங்களுக்கு நிபந்தனையாக்குகிறோம். காட்ட மறுக்கும் இல்லம் எங்கள் அமைப்பில் நீடிக்க முடியாது.