மூளைக்குக் குளுக்கோசு வேண்டும், அது சோற்றிலிருந்துதான் வர வேண்டுமா?

கிளிவெட்டியில் சலரோகம் உள்ள ஒருவரிடம் சோற்றைக் குறைக்கச் சொன்னால், "சோறு இல்லாட்டி தலை சுத்தும் டொக்டர்" என்ற பதில் கையோடு வரும். அல்லைத் திட்டத்து வயல்கள் சூழ்ந்த ஊரில் அது எதிர்பார்க்கக்கூடிய பதில்தான். உறுத்துவது வேறொன்று. நம் துறையினரே அந்தப் பதிலுக்கு விஞ்ஞானச் சாயம் பூசுகிறார்கள்: மூளை குளுக்கோசில் இயங்குகிறது, ஆகவே நாளொன்றுக்கு 130 கிராம் காபோவைதரேற்றாவது சாப்பிட்டே தீர வேண்டும்.

முன்பாதி சரி. பின்பாதி அதிலிருந்து பிறக்காது.

130 என்ற எண் அமெரிக்க மருத்துவ நிறுவகம் 2005இல் நூலாக வெளியிட்ட உணவுப் பரிந்துரைகளில் இருக்கிறது. வளர்ந்தவரின் மூளை ஒரு நாளில் செலவிடும் குளுக்கோசு சராசரியாக 100 கிராம் என்று கொண்டு, ஆளுக்காள் வேறுபாட்டுக்காகச் சற்றுக் கூட்டிய கணக்கு அது. புரதமும் கொழுப்பும் போதிய அளவு கிடைக்குமானால், உயிர்வாழத் தேவையான காபோவைதரேற்றின் கீழெல்லை பூச்சியமாகவே தோன்றுகிறது என்றும் அதே நூல் சொல்கிறது. முதலாவதை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறோம். இரண்டாவதைத் தேடிப் பக்கம் புரட்டியவர்கள் குறைவு.

உடல் எடையில் 2 சதவீதமே உள்ள மூளை, ஓய்வுநிலைச் சக்தியில் ஏறத்தாழ 20 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறது. இத்தனை பெரிய செலவாளியை அடுத்த வேளைச் சாப்பாட்டை நம்பி உடல் விட்டுவைக்கவில்லை. கொழுப்பு உடையும்போது வரும் கிளிசரோல், தசையும் செங்குருதிக் கலங்களும் விடும் லக்ரேற்று, புரதத்தின் அமினோ அமிலங்கள் ஆகியவற்றிலிருந்து ஈரலும் சிறுநீரகமும் குளுக்கோசு செய்கின்றன. கூடவே ஈரல் கீற்றோன்களையும் அனுப்புகிறது. 1967இல் பொஸ்ரனில் ஒலிவர் ஓவன், ஜோர்ஜ் கேஹில் குழுவினர், ஐந்தாறு வாரம் பட்டினி இருந்த பருமனான மூவரின் மூளைக்குள் செல்லும் இரத்தத்தையும் வெளிவரும் இரத்தத்தையும் ஒப்பிட்டார்கள். மூளையின் பிரதான எரிபொருளாகக் கீற்றோன்கள் மாறியிருந்தன. 1972இல் டிரெனிக் குழுவினர் நீண்ட பட்டினியில் இருந்தவர்களுக்கு இன்சுலின் ஏற்றி இரத்தச் சீனியை அபாய அளவுக்கு இறக்கிப் பார்த்தபோதும், வழக்கமான தாழ்சீனி அறிகுறிகள் தோன்றவில்லை. இன்று எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதிக்காத சோதனை அது. மாச்சத்தைக் குறைத்து உண்பவர் பட்டினி கிடப்பவர் அல்ல. அவருடைய கீற்றோன் அளவு இவ்வளவு உயராது, மூளையும் பெரும்பங்குக்குக் குளுக்கோசையே எரிக்கும். அந்தக் குளுக்கோசு ஈரலில் தயாராகிறது, அவ்வளவுதான்.

இது நம் மக்களுக்குப் புதிதும் அல்ல. ஐப்பசியில் கந்த சஷ்டி பிடிப்போரில் ஆறு மிளகும் ஆறு கை நீரும் மட்டும் எடுக்கும் கடும் விரதக்காரர் உண்டு. ஆறாம் நாள் சூரன்போர் பார்க்கக் கோயில் வீதியில் தெளிந்த புத்தியோடுதான் நிற்கிறார்கள். ஆய்வுச் சான்றாக இதைக் கொள்ள முடியாது. ஆனாலும் கிளினிக்கில் எடுத்துச் சொல்ல இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கடினம்.

அப்படியானால் தலைச்சுற்றல் பொய்யா? இல்லை. இன்சுலின் இறங்கும்போது சிறுநீரகம் உப்பையும் நீரையும் கூடுதலாக வெளியேற்றும். முதல் வாரத்துத் தலையிடிக்கும் சோர்வுக்கும் அதுவே பெரிய காரணம். பிரஷர் குளிசை எடுப்பவர் வெயிலில் வயலில் நின்றால் இன்னும் மோசம். கிளிக்கிளசைட்டோ இன்சுலினோ பழைய அளவிலேயே தொடர, தட்டில் சோறு மட்டும் பாதியானால் சீனி உண்மையாகவே விழும். அங்கே தவறு மருந்துச் சீட்டில் இருக்கிறது.

தட்டையும் ஒருமுறை பார்க்கலாம். 100 கிராம் சோற்றில் சுமார் 28 கிராம் காபோவைதரேற்று. வயலால் வந்தவர் மத்தியானம் குவித்துப் போடும் தட்டு 400 கிராமைத் தொட்டால் அதிலேயே 112 கிராம் ஆகிவிடுகிறது. காலைப் பிட்டு, இரவு இடியப்பம், நாலு தரம் சீனி போட்ட தேத்தண்ணி எல்லாம் அதற்கு மேலே. இந்த ஊரில் 130க்குக் கீழே போய்விடுவாரோ என்று கவலைப்படுவது, மாரி வெள்ளத்தில் நின்று தண்ணீர்ப் பஞ்சம் பேசுவது போன்றது. பூச்சியத்துக்குப் போகும் தேவையும் இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ‘இந்தியாப்’ (INDIAB) ஆய்வில் 18,090 பேரின் தரவைக் கொண்டு சென்னை நிபுணர்கள் 2022இல் வெளியிட்ட கணிப்பு, புதிதாக நீரிழிவு கண்டவர்கள் அதிலிருந்து மீள மாச்சத்தை மொத்தச் சக்தியில் 49 முதல் 54 சதவீதத்துக்கு இறக்கி, புரதத்தை 20 சதவீதம் அளவுக்கு உயர்த்தச் சொல்கிறது. மூன்று அகப்பைச் சோறு ஒன்றரையாகி, மீனும் முட்டையும் கீரைச் சுண்டலும் கூடினால் எட்டக்கூடிய இலக்குத்தான். மீன் விலை ஏறும் மாதங்களில் பருப்பும் கடலையும் அந்த இடத்தை நிரப்ப வேண்டியிருக்கும்.

மூளையின் பெயரால் காட்டும் பயத்தைக் கைவிட்டால், உண்மையில் பயப்பட வேண்டியவர்கள் கண்ணில் படுவார்கள்: முதலாம் வகை நீரிழிவுக்காரர், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், எஸ்ஜிஎல்டி2 தடுப்பிக் குளிசை எடுப்பவர்கள். சுவீடனில் கடும் மாச்சத்துக் குறைப்பில் இருந்த பாலூட்டும் தாய் ஒருவருக்குக் கீற்றோன் அமிலத்தேக்கம் ஏற்பட்டது 2015இல் பதிவானது. அதே ஆண்டில்தான் எஸ்ஜிஎல்டி2 குளிசைகள் பற்றி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டகமும் எச்சரித்தது. இவர்களில் இரத்தச் சீனி பெரிதாக ஏறாமலே அமிலத்தேக்கம் வரலாம். வாந்தி, வயிற்றுவலி, வேகமூச்சு என்று வருபவரின் குளுக்கோமீற்றர் 180 காட்டினாலும் வீட்டுக்கு அனுப்பக் கூடாது. மூதூருக்கோ திருகோணமலைக்கோ எழுதும் கடிதத்தில் எடுக்கும் குளிசையின் பெயரும், கடைசியாகச் சோறு சாப்பிட்ட நாளும், கீற்றோன் பார்க்கவும் என்ற வரியும் இருக்க வேண்டும்.