வாய்க்கால் ஓரமாகத் தனியே போய் வாருங்கள்

ஈரோட்டிலிருந்து கரூருக்குக் காரில் போகிறவர் கொடுமுடியைக் கடப்பதற்குச் சில நிமிடங்களே ஆகின்றன. தென்னை, மஞ்சள், கரும்பு, வாழை என்று இரு பக்கமும் பசுமை தெரிகிறது. "செழிப்பான பூமி" என்று சொல்லிக்கொண்டே அவர் போய்விடுகிறார். அந்தப் பசுமைக்குப் பின்னால் இருக்கும் கடைசி மதகில் தண்ணீர் வந்ததா, வந்த தண்ணீர் நல்ல தண்ணீர்தானா என்பது காரின் கண்ணாடி வழியே தெரிவதில்லை.

இதே காவிரிக் கரை வழியாக 1800ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் ஸ்காட்லாந்துக்காரர் ஒருவர் வந்தார். பிரான்சிஸ் புக்கானன் என்பது அவர் பெயர். எடின்பரோவில் மருத்துவம் படித்தவர். செடி கொடிகளை ஆராய்வதில் நாட்டம் உள்ளவர். 1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்ததும் கோயமுத்தூர்ச் சீமை கும்பினியார் கைக்கு வந்தது. புதிதாகக் கிடைத்த நாட்டில் என்ன விளைகிறது, யார் உழுகிறார்கள், என்ன தீர்வை கட்டுகிறார்கள் என்று பார்த்து எழுதும்படி கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லி அவரை அனுப்பினார். 1800 ஏப்ரலில் சென்னையை விட்டுக் கிளம்பியவர் பவானி, ஈரோடு, கொடுமுடி, கரூர், தாராபுரம் என்று கொங்கு நாட்டைச் சுற்றிவிட்டு மலையாளம் போனார். அவருடைய குறிப்புகள் 1807இல் லண்டனில் மூன்று பாகங்களாக வெளிவந்தன.

அந்தக் குறிப்புகளைப் படிப்பவர் வியப்படைவது இயல்பு. மண்ணின் வகை, விதைக்கும் அளவு, ஆள் கூலி, மாட்டின் விலை, தறிக்காரரின் வருமானம், ஏரி வாய்க்கால்களின் நிலை என்று ஒவ்வோர் ஊரிலும் விடாமல் கேட்டு எழுதியிருக்கிறார். கொங்கு நாட்டு விவசாயத்தின் இருநூறு ஆண்டு வரலாற்றை எழுத நினைப்பவருக்கு இன்றும் அது தவிர்க்க முடியாத நூல்.

ஆனால் அதில் ஒரு குறை உண்டு. அக்குறையில்தான் நமக்குப் பாடம் இருக்கிறது. புக்கானன் தனியாக வரவில்லை. கும்பினியின் அதிகாரியாக, கூடாரத்தோடும் ஆட்களோடும் வந்தார். தமிழ் தெரியாததால் துபாஷி மூலம் கேட்டார். "எவ்வளவு விளையும்?" என்று சர்க்கார் ஆள் கேட்டால், அடுத்த ஆண்டு தீர்வை ஏறும் என்று குடியானவன் நினைப்பது நியாயம்தானே! தமக்குக் கிடைத்த விடைகள் உண்மையா என்று அவரே பல இடங்களில் சந்தேகப்பட்டிருக்கிறார். கேள்விகள் சரியானவை. கேட்டவர் வந்து நின்ற விதம்தான் பதிலைக் கெடுத்தது.

அதே காலத்தில் அவருடைய சொந்த நாட்டில் வேறொரு முறை நடந்தது. சர் ஜான் சின்க்ளேர் என்பவர் 1790இல் ஸ்காட்லாந்தின் தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட திருச்சபை வட்டங்களுக்கு நூற்று அறுபதுக்கும் அதிகமான கேள்விகளை அனுப்பினார். பயிர், கால்நடை, கூலி, மக்கள்தொகை, நோய் எல்லாம் அதில் அடங்கும். அந்தந்த ஊரிலேயே குடியிருந்த பாதிரியார்கள் பதில் எழுதினார்கள். 1791 முதல் 1799 வரை 21 தொகுதிகளாக அது அச்சேறியது. ஊரோடு வாழ்ந்தவர் எழுதியதால் அதற்குத் தனி மதிப்பு உண்டு.

இன்றைய நிலை என்ன?

விவசாய விரிவாக்கப் பணியில் இருப்போர் ஜீப்பில் வருகிறார்கள். கூடவே இரண்டு மூன்று பேர் வருகிறார்கள். முன்கூட்டியே சொல்லி வைத்த முன்னோடி விவசாயியின் தோட்டத்தில் வண்டி நிற்கிறது. மோரோ, இளநீரோ வருகிறது. மானியம் கிடைக்கும் என்று நினைப்பவர் ஒன்று சொல்கிறார். கிடைக்காது என்று தெரிந்தவர் வாயே திறப்பதில்லை. குதிரையும் கூடாரமும் போய் ஜீப் வந்திருக்கிறதே தவிர, 1800இல் இருந்த தூரம் இன்னும் குறையவில்லை.

இதனால் வரும் நஷ்டம் சிறியதல்ல. கீழ்பவானி வாய்க்காலை எடுத்துக்கொள்ளலாம். ஏறக்குறைய 200 கிலோமீட்டர் ஓடி, 2,07,000 ஏக்கருக்குப் பாசனம் தரும் வாய்க்கால் அது. அதற்குக் கான்கிரீட் தளம் போடும் திட்டத்தை ஒட்டி 2022, 2023 ஆண்டுகளில் விவசாயிகள் இரு தரப்பாகப் பிரிந்து நின்றார்கள். கரையைப் பலப்படுத்தினால்தான் கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேரும் என்றது ஒரு தரப்பு. கசிவு நீர் நின்றால் கிணறுகள் வற்றும், மரங்கள் காயும் என்றது மறு தரப்பு. இரண்டுமே தோட்டத்தில் கண்டதை வைத்துப் பேசிய பேச்சு. தலைமடையிலிருந்து கடைமடை வரை நிதானமாகப் போய், ஒவ்வொரு கிணற்றடியிலும் நின்று இரு தரப்பையும் கேட்டு எழுதிய குறிப்பு ஒன்று இருந்திருந்தால் அந்த வாதம் தெருவுக்கு வருமுன்னே பாதி தீர்ந்திருக்கும்.

ஆகவே ஒரு யோசனை. வேளாண்மைக் கல்லூரி மாணவர்கள் இறுதி ஆண்டில் கிராமங்களில் தங்கிப் பயிற்சி பெறுகிறார்கள். அந்தப் பயிற்சிக் காலத்தில் ஒரு வாரத்தை ஒதுக்கி, ஒவ்வொரு மாணவரும் ஒரு வாய்க்காலின் தலைப்பிலிருந்து கடைசி வரை சைக்கிளிலோ மொபெட்டிலோ தனியே போய்வரச் செய்ய வேண்டும். புதிதாகப் பணியில் சேரும் அலுவலருக்கும் இதைக் கட்டாயமாக்கலாம்.

காளிங்கராயன் வாய்க்கால் இதற்கு ஏற்ற வழி. 13ஆம் நூற்றாண்டில் வெட்டப்பட்டதாகக் கூறப்படும் இவ்வாய்க்கால் பவானி அணையில் தொடங்கி, காவிரிக்கு இணையாகப் பாம்புபோல் வளைந்து 56 மைல் ஓடி, கொடுமுடி அருகே ஆவுடையாபாறையில் முடிகிறது. பாய்ச்சல் நிலம் சுமார் 15,700 ஏக்கர். ஈரோட்டை ஒட்டிய பகுதியில் சாயக் கழிவும், தோல் ஆலைக் கழிவும், நகரச் சாக்கடையும் இதில் கலப்பது பற்றி விவசாயிகள் பல ஆண்டுகளாகக் குறை கூறி வருகிறார்கள். எந்த மதகுக்குக் கீழே நீரின் நிறம் மாறுகிறது, எந்த ஊரில் மஞ்சள் குறைந்து தென்னை கூடியது, யார் வாய்க்காலை விட்டு ஆழ்குழாய்க் கிணற்றுக்கு மாறினார்கள் என்பதெல்லாம் கரையோடு போகிறவருக்கு மட்டுமே தெரியும்.

தனியே ஏன் போக வேண்டும் என்று கேட்கலாம். நான்கு பேர் சேர்ந்து போனால் தங்களுக்குள்ளேயே பேசிக்கொண்டு திரும்புவார்கள். தனியாகப் போகிறவர் தாகம் எடுத்தால் ஒரு தோட்டத்து வாசலில் நின்றுதான் ஆக வேண்டும். "எந்த ஊருங்க? யாரு வீட்டுப் பையன்?" என்ற விசாரணையில் பேச்சு ஆரம்பமாகும். கட்டுத்தரையில் உட்கார்ந்து அரை மணி நேரம் போன பிறகுதான் கடன் கணக்கும், கிணற்றின் ஆழமும், மகன் விவசாயத்திற்கு வருவானா என்ற கவலையும் வெளிவரும். மாணவியருக்குத் தனிப் பயணம் பாதுகாப்பானதா என்ற கேள்வியும் நியாயமானதே. அவர்களை இருவர் இருவராக அனுப்பலாம். இரவில் தங்குவதற்குத் தெரிந்த வீடுகளை முன்பே ஏற்பாடு செய்யலாம். அதைக் காரணம் காட்டி அவர்களை வகுப்பறையிலேயே நிறுத்திவிடக் கூடாது. பெண் விவசாயிகளும் களை எடுக்கும் பெண்களும் மாணவியரிடம்தான் மனம் விட்டுப் பேசுவார்கள்.

பயணிக்கு ஒழுக்கமும் வேண்டும். ஸ்காட்லாந்தில் 2003ஆம் ஆண்டுச் சட்டம் பிறர் நிலத்தின் வழியே நடக்கவும் சைக்கிளில் செல்லவும் எவருக்கும் உரிமை தருகிறது. ஆனால் விதைத்த வயலில் கால் வைக்கக் கூடாது. திறந்த படலைத் திறந்தபடியும், மூடிய படலை மூடியபடியும் விட்டுப் போக வேண்டும் என்பது அங்கே எழுதிவைத்த நடைமுறை. அங்குள்ள கிராமச் சாலைகள் பல, நம் இட்டேரியைப் போல் ஒரு வண்டி மட்டுமே போகும் அகலம் கொண்டவை. ஒதுங்கும் இடத்திற்கு அருகில் இருப்பவர் நின்று வழிவிட வேண்டும். 2015இல் வட கடற்கரையைச் சுற்றி 500 மைல் சுற்றுலாச் சாலை என்று விளம்பரம் செய்த பிறகு கார்கள் பெருகின. வழி மறிக்கும் வண்டிகளையும் வீசி எறியும் குப்பைகளையும் பற்றி ஊர்க்காரர்கள் புகார் சொல்லத் தொடங்கினார்கள். வேகமாகக் கடந்து போகும் பயணத்தால் ஊருக்கு மிஞ்சுவது புழுதி மட்டுமே என்பதற்கு அது சாட்சி.

என்ன எழுத வேண்டும்? ஒவ்வொரு மதகிலும் ஐந்தே கேள்விகள் போதும். கடைசியாகத் தண்ணீர் எப்போது வந்தது? கிணற்றில் எத்தனை அடியில் தண்ணீர்? பத்து ஆண்டுக்கு முன் இங்கே என்ன பயிர்? இன்று ஆள் கூலி என்ன? அடுத்த தலைமுறையில் யார் உழுவார்? இவற்றின் விடைகளைத் தேதியோடு எழுதி, ஒரு பிரதியை அந்த ஊர்ப் பாசன சபையிடம் கொடுத்துவிட வேண்டும். புக்கானனின் குறிப்புகள் லண்டனுக்குப் போயின. பதில் சொன்ன குடியானவன் அதைப் பார்க்கவே இல்லை. இனி எழுதப்படும் குறிப்பு முதலில் அவன் வீட்டுத் திண்ணைக்குத்தான் போக வேண்டும். ஐந்து ஆண்டு கழித்து இன்னொரு மாணவர் அதே கரையில் வரும்போது, பழைய கணக்கை ஊரார் எடுத்துக் காட்ட வேண்டும்.

உழுகிறவன் கணக்குப் பார்த்தால் உழக்குக்கூட மிஞ்சாது என்பார்கள். அந்தக் கணக்கை அவனோடு உட்கார்ந்து பார்க்க ஒருவராவது வர வேண்டாமா? வாய்க்காலில் நீர் நிறுத்தும் பராமரிப்பு நாட்களில் கரைகளும் மதகுகளும் நன்றாகத் தெரியும். கல்லூரிகள் அந்த நாட்களையே தேர்ந்தெடுத்து, வரும் ஆண்டிலேயே இப்பயணத்தைத் தொடங்கலாம். இதற்குத் தேவையான செலவு ஒரு சைக்கிளும் ஒரு நோட்டுப் புத்தகமும்தான்.