சிட்டா நூலும் வரைகலை அட்டையும்

திருத்தணிப் பக்கமிருந்து பொதட்டூர்பேட்டைக்குள் நுழைந்தால் ஊரைப் பார்ப்பதற்கு முன்பே தறிச் சத்தம் காதில் விழுந்துவிடும். சில மாதங்களுக்கு முன் அங்கே ஒரு விசைத்தறிக்காரர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருந்தோம். அவருடைய மகன் கல்லூரியில் அசைவூட்டக் கலை படிக்கிறான். முப்பரிமாண வேலைகளுக்கு அவனுடைய கணினியில் கிராஃபிக்ஸ் கார்டு எனப்படும் வரைகலை அட்டை ஒன்று வேண்டும். விலை அறுபதாயிரம் ரூபாய்.

"அந்தக் காசுக்கு ஒரு பழைய தறி வாங்கிப் போட்டா சோறு போடுமே சார்" என்றார் தந்தை. சற்றுப் பொறுத்து, "ஏன் சார் இவ்ளோ வெல? உள்ள தங்கமா வச்சிருக்கான்?" என்று கேட்டார். அன்று நமக்குச் சரியான விடை சொல்ல வரவில்லை. இப்போது முயல்கிறோம்.

முதல் ஐயம் கடைக்காரர் மீதும் வரியின் மீதும் விழுவது இயல்பு. கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2025 ஜனவரியில் என்விடியா நிறுவனம் அறிவித்த ஆர்டிஎக்ஸ் 5090 அட்டையின் அமெரிக்க விலை 1,999 டாலர். டாலருக்கு 86 ரூபாய் என்று கொண்டால் ஏறத்தாழ 1,72,000 ரூபாய். 18 விழுக்காடு சரக்கு மற்றும் சேவை வரி சேர்ந்தால் 2,03,000. இந்தியாவுக்கென அறிவிக்கப்பட்ட விலையோ 2,14,000. கடைகளில் அதற்கும் மேல் விற்றார்கள் என்பது உண்மையே. ஆயினும் விலையின் பெரும்பகுதி பொருள் கடைக்கு வருவதற்கு முன்பே நிச்சயிக்கப்பட்டுவிடுகிறது. ரூபாயின் சரிவும் இதில் உண்டு. 2016இல் டாலர் 67 ரூபாய் அளவில் இருந்தது.

அடுத்தது செய்கூலி. இந்தச் சில்லுகள் 300 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிலிக்கன் தட்டில் அச்சாகின்றன. சில்லு பெரிதானால் ஒரு தட்டில் தேறும் எண்ணிக்கை குறையும். ஒரு பழுது விழுந்தாலும் இழப்பு பெரிது. இத்தனை நுண்ணிய வேலையைச் செய்யத் தெரிந்த ஆலைகள் உலகில் மிகச் சில. என்விடியாவும் அதன் போட்டியாளரான ஏஎம்டியும் தைவானின் டிஎஸ்எம்சி ஆலை வாசலில்தான் வரிசையில் நிற்கின்றன. 'நாமே செய்துகொள்ளலாமே' என்பார்க்கு ஒன்று சொல்ல வேண்டும்: குஜராத்தின் தொலேராவில் 2024இல் ஒப்புதல் பெற்ற ஆலை 28 நானோமீட்டரும் அதற்கு மேற்பட்டதுமான நுட்பங்களுக்கானது. வரைகலைச் சில்லுகள் 5, 4 நானோமீட்டர் என்று எங்கோ போய்விட்டன.

ஆனால் முதன்மையான காரணம் வேறு என்பது நம் துணிபு. இந்தச் சந்தையில் நாம் இப்போது முதல் வாடிக்கையாளர் அல்லர்.

2020 முதல் 2022 வரை மின்னாணயம் தோண்டுவோர் அட்டைகளை மொத்தமாக அள்ளிச் சென்றார்கள். 2022 செப்டம்பரில் எதீரியம் தன் முறையை மாற்றிக்கொண்டதும் அந்த வேட்டை ஓய்ந்தது. விலை இறங்கும் என்று எல்லோரும் காத்திருந்தோம். நவம்பரில் ஆர்டிஎக்ஸ் 4080 வந்தது, 1,199 டாலருக்கு. 2020இல் வெளிவந்த 3080இன் அறிவிப்பு விலை 699 டாலர்! அதே நவம்பரின் இறுதியில் சாட்ஜிபிடி வெளியானது. அதன் பிறகு செயற்கை நுண்ணறிவுக்காகச் சில்லு வாங்குவோர் முன்வரிசைக்கு வந்துவிட்டனர்.

அந்தத் தலைமுறையில் ஆர்டிஎக்ஸ் 4090இன் சில்லு 608 சதுர மில்லிமீட்டர். அட்டையின் விலை 1,599 டாலர். செயற்கை நுண்ணறிவுக்கான எச்100இன் சில்லு 814 சதுர மில்லிமீட்டர். அது விலைபோனது 25,000 டாலருக்கும் மேல். இரண்டும் ஒரே ஆலையில், ஒரே நுட்பத்தில் பிறந்தவை. எச்100க்கு விலை மிகுந்த நினைவகமும் தனியான இணைப்பு வேலையும் தேவை என்பது மெய்தான். அதைக் கழித்தாலும் எஞ்சும் இடைவெளி மலைக்க வைக்கிறது. அந்தச் சிலிக்கனை வணிகன் யாருக்கு முதலில் கொடுப்பான்? 2021 ஜனவரியில் முடிந்த நிதியாண்டில் என்விடியாவின் வருவாயில் ஏறத்தாழப் பாதி விளையாட்டு அட்டைகளால் வந்தது. 2025 ஜனவரியில் முடிந்த ஆண்டில் அது நூற்றுக்கு ஒன்பதுகூட இல்லை.

ஒரு நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். கீழ்நிலை அட்டைகளின் டாலர் விலை அவ்வளவாக ஏறிவிடவில்லை. 2016இன் ஜிடிஎக்ஸ் 1060 249 டாலர். 2025இன் ஆர்டிஎக்ஸ் 5060 299 டாலர். வேகமும் பன்மடங்கு கூடியிருக்கிறது. ஆனால் முன்னதில் இருந்த நினைவகம் 6 ஜிபி, ஒன்பது ஆண்டு கழித்துப் பின்னதில் 8 ஜிபி. முப்பரிமாணக் காட்சி வேலைக்கும் செயற்கை நுண்ணறிவு கற்பதற்கும் முதலில் தட்டுப்படுவது அந்த நினைவகம்தான். அதைத் தாராளமாகக் கொடுத்தால் பெரிய வாடிக்கையாளர் மலிவான அட்டையை வாங்கிவிடுவார் என்ற எச்சரிக்கையும் இதில் இருக்கிறது என்பது நம் ஐயம்.

இந்தக் கதை பொதட்டூர்பேட்டைக்குப் புதிதன்று. 2022 மே மாதம் 356 கிலோ கொண்ட ஒரு கண்டிப் பஞ்சு ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. நூல் விலை எகிறியது. தறிக்காரர் செய்த பிழை எதுவும் அதில் இல்லை. பெரிய கொள்முதல்காரர்கள் நிறைந்த சந்தையில் சிறியவர் என்ன ஆவார் என்பதை அந்த ஊர் நூல் மூட்டையைத் தூக்கியே கற்றிருக்கிறது.

அதனால்தான் அரசு ஒரு காலத்தில் ஓர் ஏற்பாடு செய்தது. நூற்பாலைகள் உள்நாட்டுச் சந்தைக்குக் கட்டும் நூலில் குறிப்பிட்ட பங்கைக் கைத்தறிக்கு உகந்த சிட்டா நூலாகத்தான் கட்ட வேண்டும் என்று ஆணையிட்டது. 50 விழுக்காடாக இருந்த பங்கு 2003இல் 40 ஆகவும், 2019இல் 30 ஆகவும் குறைந்தது. அந்த நூல் வழியிலேயே விசைத்தறிக்கு மடைமாறியதும் உண்டு. குறைகள் இருந்தாலும் கொள்கை ஒன்று இருந்தது: எளியவனுக்கென ஒரு பங்கை ஒதுக்கிவைக்க வேண்டும்.

வரைகலை அட்டைக்கு அப்படியே ஆணையிட முடியாது. ஆலை தைவானில், நிறுவனம் கலிஃபோர்னியாவில். விலைக்கு உச்சவரம்பு விதித்தால் சரக்கு பின்வாசலுக்குப் போய்விடும். 2021இல் அறிவிப்பு விலையைப் போல் இருமடங்கு கேட்ட இடைத்தரகர்களை நாம் கண்டிருக்கிறோம். 2024இல் மத்திய அரசு 10,372 கோடி ரூபாயில் ஒப்புதல் அளித்த இந்திய செயற்கை நுண்ணறிவுத் திட்டம் கணிப்புத் திறனைச் சலுகை வாடகைக்குத் தருகிறது, நல்லதே. ஆனால் அது ஆராய்ச்சியாளரையும் புதுத்தொழில் முனைவோரையும் மனத்தில் கொண்டது. திண்ணையில் தலைகுனிந்து நின்ற பையனுக்கு அந்த வாசல் தொலைவு.

நாம் கேட்பது சிறியது. தாலுகாவுக்கு ஓர் அறை. பொது நூலகத்திலோ, நெசவாளர் கூட்டுறவுச் சங்கக் கட்டடத்திலோ. அதில் நல்ல அட்டை பொருத்திய ஐந்து கணினிகள். அட்டைகளுக்கு மட்டும் மூன்று லட்சம் ரூபாய் ஆகும். பகலில் மாணவர்கள், மாலையில் புது வடிவம் போட விரும்பும் நெசவாளர்கள். புத்தகம் வாங்க இயலாதவருக்காக நூலகம் கட்டிய சமூகத்துக்கு இது விளங்காத செய்தியா? தெருவில் பாவு விரித்துக் கஞ்சி போட்ட நாளில் ஒருவர் பாவுக்கு நாலு வீட்டார் கை கொடுத்த ஊர்களுக்குப் பொதுவில் ஒன்றை வைத்துப் பயன்கொள்வதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

உள்ளே தங்கம் இல்லை ஐயா. நமக்கு முன்னால் பெரிய பணக்காரர்கள் வரிசையில் நிற்கிறார்கள், அவ்வளவுதான். அடுத்த முறை அந்தத் திண்ணைக்குப் போகும்போது இதைச் சொல்வோம். 'சரி, பையன் என்ன செய்வது?' என்று அவர் திருப்பிக் கேட்டால் காட்டுவதற்கு அப்படி ஓர் அறை வேண்டும்.